இலக்கு இருக்கிறது, படிக்கட்டு எங்கே?

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் புதிதாகச் சேர வருபவர்களிடம் எதுவரை படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் இளங்கலைப் பட்டம் வரை என்கிறார்கள். இரண்டு ஆண்டு இங்கே படித்துவிட்டு, பிறகு நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறிக்கொள்வது அவர்கள் எண்ணம். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தப் பட்டம் கைக்கு வந்திருப்பது நூற்றில் ஏறத்தாழ பதினாறு பேருக்குத்தான். அந்த ஆறு ஆண்டுக்குள் ஏதேனும் ஒரு பட்டமோ சான்றிதழோ பெற்றவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டாலும் பத்தில் நான்கு பேரைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும், பிள்ளைகளுக்கு லட்சியம் போதவில்லை, பொறுப்பு போதவில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் லட்சியத்தை அவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த லட்சியத்துக்கும் வகுப்பறை நாற்காலிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் அந்த இடைவெளியைப் பொறுமையாக அளந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை மாணவர்களோடு பழகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

திறந்த கதவு

இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் ஒரு சிறிய முயற்சி தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை உள்ளூரிலேயே தர ஏற்பாடு செய்தார்கள். முதலில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947இல், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் தொடங்கச் சொன்னது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான். இன்று அமெரிக்காவில் சுமார் ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன.

இவற்றுக்கு நுழைவுத் தடை கிடையாது. கட்டணம் குறைவு. பகலில் கடையில் வேலை பார்ப்பவர், கைக்குழந்தை உள்ள தாய், புதிதாகக் குடியேறியவர், நாற்பது வயதில் வேலை இழந்தவர் என யாரும் சேரலாம். பெரும்பாலானவர்கள் பகுதி நேரமாகப் படிக்கிறார்கள். கதவு அகலமாகத் திறந்திருப்பது இந்தக் கல்லூரிகளின் பெருமை. உள்ளே வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு ஆண்டு கழித்தும் கையில் எதுவும் இல்லாமல் நிற்பது அவற்றின் நெடுநாள் துயரம்.

மரம் ஏற்றிய லாரிகள்

இலக்கு மனிதரை எப்படி இயக்குகிறது என்று முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் எட்வின் லாக். அவருடைய முக்கியமான கட்டுரை 1968இல் வெளிவந்தது. பின்னர் கேரி லேதம் அவரோடு சேர்ந்தார். அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘முடிந்தவரை நன்றாகச் செய்’ என்று சொல்வதைவிட, ‘இவ்வளவு செய்’ என்று சற்றுக் கடினமான, தெளிவான அளவைச் சொன்னால் மக்கள் அதிகம் செய்கிறார்கள்.

லேதமும் ஜேம்ஸ் பால்டிஸும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போன சான்று. ஓக்லஹோமாவில் காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றி வரும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றி வந்தன. முடிந்தவரை ஏற்றுங்கள் என்று ஓட்டுநர்களிடம் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. பிறகு 94 சதவீதம் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். கூலியை உயர்த்தவில்லை, ஊக்கத்தொகை தரவில்லை. சில மாதங்களில் சுமை 90 சதவீதத்தைத் தொட்டு, அங்கேயே நிலைத்தது.

அப்படியானால் மாணவர்களையும் உட்கார வைத்து இலக்கு எழுதச் சொன்னால் போதுமே? அப்படியும் நினைத்தார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், படிப்பில் தடுமாறிய 85 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் வாழ்க்கை இலக்குகளைக் கணினியில் விரிவாக எழுதினார்கள். அவர்களுடைய மதிப்பெண் உயர்ந்தது என்று 2010இல் செய்தி வந்தபோது கல்வி உலகம் மகிழ்ந்தது. ஒரு மாலைப்பொழுதுக்குள் முடியும் வேலை, செலவும் ஏறக்குறைய இல்லை.

ஆனால் அறிவியலில் ஒரே சோதனையோடு முடிவு கட்ட முடியாது. டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் பிலிப் ஓரியோபௌலஸ் குழுவினர் அதே எண்ணத்தை 1,400க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களிடம் சோதித்தார்கள். இலக்கு எழுத வைத்தார்கள். சிலருக்கு மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் நினைவூட்டல்களும் அனுப்பினார்கள். 2019இல் வெளியான முடிவின்படி மதிப்பெண் மாறவில்லை, முடித்த பாடங்களின் எண்ணிக்கை மாறவில்லை, இரண்டாம் ஆண்டுக்குத் தொடர்ந்தவர்களின் விகிதமும் மாறவில்லை.

லாரிக்குப் பலித்தது மாணவருக்கு ஏன் பலிக்கவில்லை? லாரி ஓட்டுநருக்குக் கட்டை அடுக்கத் தெரியும், பல்லாண்டுப் பழக்கம். எடைமேடையில் ஏறியதும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். லாக்கும் லேதமும் இதைத்தான் நிபந்தனையாகச் சொல்லியிருந்தார்கள்: செய்யும் திறன் இருக்க வேண்டும், மனம் ஒப்ப வேண்டும், எங்கே நிற்கிறோம் என்று அவ்வப்போது தெரிய வேண்டும். புதிதாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு எப்படிப் படிப்பது என்பதே இன்னும் பிடிபடவில்லை. மதிப்பெண்ணோ பருவத்தின் கடைசியில்தான் வருகிறது. ரூத் கேன்ஃபர், பிலிப் ஆக்கர்மன் இருவரும் அமெரிக்க விமானப்படையில் பயிற்சி பெறுபவர்களிடம் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே பேசுகிறது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கடினமான வேலையைக் கற்கத் தொடங்கும் கட்டத்திலேயே மதிப்பெண் இலக்கு வைத்தால், அது கற்றலைக் கெடுக்கிறது. வேலையில் வைக்க வேண்டிய கவனத்தை இலக்கு தின்றுவிடுகிறது.

எதை எழுத வேண்டும்?

டேமன் கிளார்க், டேவிட் கில், விக்டோரியா ப்ரௌஸ், மார்க் ரஷ் ஆகிய நால்வரும் சுமார் 4,000 பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதன் விடையை நாளைக் காலையே எந்த ஆசிரியரும் பயன்படுத்தலாம். சிலரை, இந்தப் பாடத்தில் என்ன கிரேடு வாங்கப் போகிறேன் என்று இலக்கு வைக்கச் சொன்னார்கள். சிலரை, எத்தனை மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கப் போகிறேன் என்று வைக்கச் சொன்னார்கள். கிரேடு இலக்கு வைத்தவர்களிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாதிரித் தேர்வு இலக்கு வைத்தவர்கள் அதிகம் எழுதிப் பார்த்தார்கள், தேர்விலும் மேம்பட்டார்கள்.

கிரேடு நம் கையில் முழுதாக இல்லை. அது கேள்வித்தாளையும், திருத்துபவரையும், அன்றைய உடல்நிலையையும் சார்ந்தது. எவ்வளவு உழைத்தால் எந்தக் கிரேடு வரும் என்று மாணவருக்குத் தெரியாது, தெரியும் என்று நினைப்பதும் பெரும்பாலும் தப்புக்கணக்கு. இன்று மாலை ஒரு மாதிரித் தேர்வு எழுதுவதோ முழுக்க அவர் கையில் இருக்கிறது. எழுதினாரா இல்லையா என்பது இரவே தெரிந்துவிடும், லாரியின் எடைமேடை போல.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினார் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர். இலக்கோடு சேர்த்து, எப்போது, எங்கே, எப்படி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளச் சொன்னார். அவரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். சும்மா ஒப்புக்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நேரத்துக்கு எழுதினார்கள். எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று குறித்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எழுதினார்கள். ‘பேருந்தில் இருக்கை கிடைத்ததும் புத்தகத்தைத் திறப்பேன்’ என்று முடிவு செய்து வைத்துவிட்டால், அந்த இருக்கையே நினைவூட்டியாகிவிடுகிறது. களைத்துப்போன நேரத்தில் மறுபடி மன உறுதியைத் திரட்ட வேண்டியதில்லை.

கேப்ரியேல் ஓட்டிங்கன் இதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார். பட்டமளிப்பு உடையில் நிற்பதுபோல் கற்பனை செய்து மகிழ்வது தெம்பு தரும் என்று நாம் நம்புகிறோம். அவருடைய ஆய்வுகளின்படி, வெறும் இனிய கற்பனை உடலைத் தளர வைக்கிறது, காரியம் ஏற்கெனவே முடிந்துவிட்டதுபோல் மனம் ஓய்ந்துவிடுகிறது. ஆசையை நினைத்த கையோடு, அதற்குக் குறுக்கே நிற்கும் தடை எது என்பதையும் நினைத்து, அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன் என்று தீர்மானிப்பவர்களே நகர்கிறார்கள்.

தடை எங்கே இருக்கிறது?

தடையை நினைத்துப் பார் என்று மாணவரிடம் சொல்லும்போது, அந்தத் தடை சில நேரம் கல்லூரியாகவே இருந்துவிடுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள், தாமஸ் பெய்லியும் ஷன்னா ஸ்மித் ஜாகர்ஸும் டேவிஸ் ஜென்கின்ஸும், 2015இல் எழுதிய புத்தகத்தில் இக்கல்லூரிகளைச் சுயசேவை உணவகத்துக்கு ஒப்பிட்டார்கள். பாடங்கள் வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். எதை எடுத்தால் எந்தப் பட்டத்துக்குக் கணக்காகும், எது பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது வீணாகும் என்று சொல்ல ஆளிருக்காது. பெற்றோர் கல்லூரி வாசலைப் பார்த்திராத பிள்ளைக்கு வீட்டிலும் கேட்க ஆளில்லை.

அதைவிடக் கடுமையான தடை, அடிப்படைப் பாடங்களின் வரிசை. சேரும்போது நடக்கும் ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள், கல்லூரிக் கணிதத்துக்கு முன்னால் ஒன்று, இரண்டு, சில வேளை மூன்று அடிப்படைக் கணிதப் பாடங்களை முடிக்க வேண்டியிருந்தது. இவை பட்டத்துக்குக் கணக்காகாது, பணமும் காலமும் போகும். ஒரு கணக்குக்காக 100 மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாடத்திலும் பத்தில் எட்டுப் பேர் தேறுகிறார்கள். தேறியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அடுத்ததில் பதிகிறார்கள். இரண்டுமே நல்ல விகிதம்தான். மூன்று அடிப்படைப் பாடங்களையும் கடந்து கல்லூரிக் கணிதத்தில் தேறுகிறவர்கள் எத்தனை பேர்? சுமார் 30. எழுபது பேர் வழியில் நின்றுவிடுகிறார்கள், அதிலும் பலர் எந்தத் தேர்விலும் தோற்காமலே. உண்மை நிலவரமும் இப்படித்தான் என்று பெய்லி குழுவினர் 2010இல் காட்டினார்கள். தோற்று விலகியவர்களைவிட, முதல் பாடத்திலோ அடுத்த பாடத்திலோ பதியாமல் விலகியவர்களே அதிகம்.

அதனால் கலிஃபோர்னியா 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளி மதிப்பெண்களைப் பார்த்து, முடிந்தவரை மாணவர்களை நேரடியாகக் கல்லூரிக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சேர்க்க வேண்டும், தேவையான உதவியைப் பக்கத்திலேயே தர வேண்டும் என்றது. முதல் ஆண்டிலேயே அந்தப் பாடங்களை முடிப்பவர்கள் கணிசமாகக் கூடினார்கள். மாணவர்கள் அதே மாணவர்கள்தான், படிகள்தான் குறைந்தன.

கரும்பு விவசாயியும் கல்லூரி மாணவரும்

இன்னொரு தடை பணம். பணமில்லாதபோது கட்டணம் கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பணக்கவலை சிந்தனையையே நெருக்கும் என்பதற்கான சான்றுகளில் ஒன்று தமிழ்நாட்டு வயல்களிலிருந்து கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும், நகை அடகில் இருக்கும். வெட்டு முடிந்தபின் கொஞ்சம் மூச்சுவிடலாம். அதே விவசாயிக்கு இரண்டு காலத்திலும் சிந்தனைத் தேர்வு வைத்தபோது, வெட்டுக்கு முன் அவர் குறைவாகவே செய்தார். இந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விளைவின் அளவு பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும் வாடகை தேதி நெருங்கும்போது புத்தகத்தில் மனம் நிற்காது என்பதை அனுபவித்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

டெக்சாஸின் அமரில்லோ கல்லூரி தன் மாணவர்களிடமே, உங்கள் படிப்புக்குக் குறுக்கே நிற்பது எது என்று கேட்டது. பதில்களில் முன்னணியில் வந்தவை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, போக்குவரத்து, உணவு, வீட்டு வாடகை போன்றவைதான். பாடம் கடினம் என்பது அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

நியூயார்க் கண்ட வழி

இத்தனை தடைகளையும் ஒருசேர நீக்கினால் என்னவாகும் என்று நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் ஏசாப். சேருபவர் முழுநேரம் படிக்க வேண்டும், அடிப்படைப் பாடங்களைத் தொடக்கத்திலேயே முடிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பதிலுக்கு, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தைக் கல்லூரி ஏற்றது, பாடப்புத்தகம் தந்தது, பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் மெட்ரோ அட்டை தந்தது. சாதாரணமாக ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர்கள் இருந்த இடத்தில், இங்கே 60 முதல் 80 பேர் மட்டுமே.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தது. மூன்று ஆண்டுக்குப் பின், வழக்கமான முறையில் படித்தவர்களில் 22 சதவீதம் பட்டம் பெற்றிருந்தார்கள். ஏசாப் குழுவில் 40 சதவீதம். கல்வி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வேறுபாடு அரிது. ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் இதே வழியைப் பின்பற்றியபோதும் 19 சதவீதம் 35 ஆயிற்று. ஒரு மாணவருக்கான செலவு கூடியது உண்மை. ஆனால் நியூயார்க்கில் செலவழித்த பணத்தை, கிடைத்த பட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு பட்டத்துக்கான செலவு வழக்கமான முறையைவிடக் குறைவாகவே வந்தது. பாதியில் விட்டுப்போகும் படிப்புதான் ஊருக்கும் பிள்ளைக்கும் மிக விலை உயர்ந்தது.

அந்த மெட்ரோ அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலோசகரைச் சந்திப்பது போன்ற கடமைகளை முடித்தவர்களுக்கே அது கிடைத்தது. ஆகவே அட்டைக்காக வருபவர் ஆலோசகர் எதிரில் சில நிமிடம் உட்காருவார். எந்த வகுப்பு தடுமாறுகிறது, அடுத்த பருவத்துக்குப் பதிந்தாயிற்றா, வேலை நேரம் மாறிவிட்டதா என்ற பேச்சு அங்கே நடக்கும். இலக்கு மாதந்தோறும் மேசைக்கு வந்தது.

கேட்பதற்கு ஓர் ஆள்

பணம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் விடை கிடைத்தது. டாரண்ட் கவுண்டி கல்லூரியின் ஏழை மாணவர்களில் ஒரு குழுவுக்கு, கார் பழுது, மின்கட்டணம் போன்ற அவசரங்களுக்கு உதவித்தொகை மட்டும் தந்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதோடு ஒரு சமூகப் பணியாளரையும் துணை நிறுத்தினார்கள். பணம் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. துணையாள் இருந்தவர்களில், குறிப்பாகப் பெண்கள், படிப்பில் தொடர்ந்தார்கள், பட்டமும் பெற்றார்கள். ஆண்களிடம் அத்தகைய பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஏன் என்பது இன்னும் ஆராய வேண்டியது.

மனிதருக்குப் பதில் கைபேசியை வைக்கலாமா? முகமறியாத நினைவூட்டல்களின் எல்லையும் தெரிந்துவிட்டது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தூண்டும் செய்திகளை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அனுப்பிச் சோதித்தபோது, 2021இல் வெளியான முடிவில், பலன் இல்லை என்றே வந்தது. உள்ளூர் ஆலோசகரின் பெயரில் சிறிய அளவில் அனுப்பியபோது சில இடங்களில் பலன் இருந்திருக்கிறது. செய்தியின் மறுமுனையில் தன்னை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்று தெரியும்போதுதான் மாணவர் பதில் எழுதுகிறார்.

இத்தனை ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாவது இதுதான். இலக்கு மாணவரின் மனத்துக்குள் மட்டும் இருக்கும் பொருளாக நெடுநாள் தாங்காது. பட்டம் என்ற பெரிய இலக்கைப் பருவமாக, பாடமாக, வாரமாக, ஒரு மாலைப்பொழுதாக உடைத்துத் தர வேண்டும். அந்த மாலையில் தன் கையால் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையை மாணவர் எழுத வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், பேருந்து தவறினால், வேலை நேரம் மாறினால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். தேவையற்ற படிகளைக் கல்லூரி அகற்ற வேண்டும். பேருந்துக் கட்டணம், புத்தகம் போன்ற சிறு முட்களை எடுத்துப் போட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்க்க, மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் இருக்க வேண்டும்.

கதவருகே முதல் நாள் கேட்ட கேள்வி, எதுவரை படிக்கப் போகிறீர்கள் என்பது. பத்தில் எட்டுப் பேர் அதற்கு மனதாரப் பதில் சொன்னார்கள். நியூயார்க்கிலும் ஒஹையோவிலும் பலித்தது, அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்த சின்னக் கேள்விகள்: வியாழக்கிழமைத் தேர்வுக்கு எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறாய்? பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? அடுத்த பருவத்துக்குப் பதிந்துவிட்டாயா, இல்லையென்றால் இப்போதே என்னோடு உட்கார்ந்து பதிவோமா?